144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் 60 மாதிரியே தெரிகிறது: கண்ணின் எல்லையா, செட்டிங்கா?

கேள்வி

27 அங்குல 1440பி (2560 × 1440 பிக்சல்), 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறேன். கேம் ஓடும்போது மூலையில் 110, 120 எஃப்பிஎஸ் என்று காட்டுகிறது. ஆனால் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. "மனுஷக் கண்ணுக்கு 60-க்கு மேல தெரியாது, சினிமாவே 24 தானே" என்கிறார்கள். உண்மைதானா? அப்படியென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில் 1

அவசரப்பட வேண்டாம். மூலையில் வரும் எஃப்பிஎஸ் எண், கிராஃபிக்ஸ் கார்டு ஒரு விநாடியில் எத்தனை பிரேம் (தனிப்படம்) தயாரிக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். மானிட்டர் விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது வேறு கணக்கு, அதுதான் ஹெர்ட்ஸில் சொல்லும் ரெஃப்ரெஷ் ரேட். கார்டு 120 தயாரித்தாலும் மானிட்டர் 60-ல் ஓடினால் பாதி வீணாகிறது.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். புது மானிட்டர் மாட்டியதும் பெரும்பாலும் அது 60-லேயே நிற்கும். பட்டியலில் 144 இல்லையென்றால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகப்படுங்கள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 1440பி-யில் 75 ஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். டிஸ்ப்ளே போர்ட் 1.2 போதும், 144 வந்துவிடும். கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பதில் 2

செட்டிங் பற்றி மேலே சொல்லியாயிற்று. கண்ணைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த 60 கதை எங்கே போனாலும் துரத்துகிறது.

கண் கேமரா இல்லை. பிரேம் பிரேமாகப் பிடிப்பதில்லை. ஒளி தொடர்ந்து விழுகிறது, விழித்திரை தொடர்ந்து வேலை செய்கிறது. ஆகவே "எத்தனை எஃப்பிஎஸ் தெரியும்" என்று ஒரே எண்ணைக் கேட்டால் பதில் கிடையாது. எதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

சிமிட்டும் விளக்கு நிலையான வெளிச்சமாகத் தெரியத் தொடங்கும் வேகம் சுமார் 50, 60 ஹெர்ட்ஸ். 60 கதை பிறந்த இடம் இதுதான். ஆனால் வெளிச்சம் கூடினால் அந்த எல்லையும் ஏறும். ஓரப் பார்வைக்குச் சிமிட்டல் இன்னும் எளிதில் உறைக்கும். பழைய குழாய் மானிட்டர்களை 75, 85 ஹெர்ட்ஸில் வைக்கச் சொன்னது அதனால்தான்.

அசைவு என்று வந்தால் கணக்கே வேறு. எல்சிடி திரை ஒரு பிரேமை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். உங்கள் கண்ணோ ஓடும் காரைப் பின்தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். நிற்கும் படம், நகரும் கண்: விழித்திரையில் படம் இழுபடுகிறது. விநாடிக்கு 960 பிக்சல் ஓடும் பொருளுக்கு 60-ல் இழுவை 16 பிக்சல், 120-ல் 8, 240-ல் 4. இதைக் கேபிளோ கிராஃபிக்ஸ் செட்டிங்கோ குறைக்காது.

கையோடு சோதிக்கலாம். டெஸ்க்டாப்பில் ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தபடி மவுஸை வேகமாக இடவலமாக ஆட்டுங்கள். அம்புக்குறி தனித்தனி நகல்களாகத் தெரியும். அதே வேகத்தில் 60-லும் 144-லும் ஆட்டினால், 144-ல் நகல்கள் இரண்டு மடங்குக்கும் மேல் நெருங்கி நிற்கும். இது தெரிந்துவிட்டால் "60-க்கு மேல் தெரியாது" என்ற பேச்சு அதோடு முடிந்தது.

பதில் 3

ஒரு சேர்க்கை. 2015-ல் வந்த ஓர் ஆய்வில் 500 ஹெர்ட்ஸ் சிமிட்டலைக்கூட மக்கள் கண்டார்கள். அதைக் காட்டி 500 எஃப்பிஎஸ் வேண்டும் என்று வாதாடுவது தவறு. அங்கே காட்டியது கூர்மையான விளிம்புகள் மாறி மாறித் தலைகீழாகும் படம். கண் தாவும்போது, அடுத்தடுத்து வந்த படங்கள் விழித்திரையில் பக்கத்துப் பக்கத்தில் விழுந்து தெரிந்தன. சாதாரண கேம் காட்சி அப்படியல்ல.

சினிமா 24 பற்றியும் சொல்ல வேண்டும். பிலிம் புரொஜெக்டர் ஒவ்வொரு பிரேமையும் ஷட்டரால் இரண்டு அல்லது மூன்று முறை வெட்டி 48 அல்லது 72 முறை ஒளிரவிடும். கேமராவும் ஒவ்வொரு பிரேமிலும் பொதுவாக 48-ல் ஒரு பங்கு விநாடி அசைவைச் சேர்த்தே பதிவு செய்கிறது, அந்த மங்கல்தான் வழுக்கலாகத் தோன்ற வைக்கிறது. கேம் பிரேம் ஒரே கணத்தின் கூர்மையான படம். அதோடு படம் பார்ப்பவர் கேமராவைத் திருப்புவதில்லை. கேமில் திருப்புவது உங்கள் கை. தாமதத்தைக் கண்ணுக்கு முன்னே கை உணரும்.

கேள்வி கேட்டவர்

60-ல்தான் நின்றிருந்தது. பட்டியலில் 75 வரைதான் காட்டியது. டிஸ்ப்ளே போர்ட் கேபிள் மாற்றியதும் 144 வந்தது, மவுஸ் சோதனையிலேயே வித்தியாசம் தெளிவு. நன்றி. ஆனால் ஒரு கேமில் 70-க்கும் 120-க்கும் நடுவே எகிறி இறங்குகிறது, அப்போது உதறல் தெரிகிறது. 240 வாங்கியிருக்க வேண்டுமோ?

பதில் 1

240 இதற்கு மருந்தல்ல. ஒரு பிரேமின் நேரத்தைப் பாருங்கள்: 60-ல் 16.7 மில்லி செகண்ட், 144-ல் 6.9, 240-ல் 4.2. முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 குறைகிறது, அடுத்ததில் 3 கூட இல்லை. உங்கள் பிரச்சினை சீரின்மை. 8 மில்லி செகண்ட், பிறகு 14, மறுபடி 8 என்று வந்தால் சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண் பிடித்துவிடும்.

மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க்கை (கார்டு பிரேம் தரும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) இயக்கி, கார்டின் டிரைவரிலும் இயக்குங்கள். பிறகு எஃப்பிஎஸ் வரம்பை 141-ல் வையுங்கள். விசிங்க் (மானிட்டர் படம் மாற்றும் வரை கார்டைக் காத்திருக்க வைக்கும் வசதி) இயங்கினால், 144-ஐத் தொட்டதும் அது குறுக்கிட்டுத் தாமதம் கூடும். உதறல் மிஞ்சினால் அந்தக் கேமுக்கு மட்டும் வரம்பை 90-க்கு இறக்குங்கள். எகிறும் 120-ஐவிட நிலையான 90 கண்ணுக்குச் சுகம்.

எது இழுக்கிறது என்று பார்க்க ரெசல்யூஷனை 1080பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் திணறுகிறது: நிழலையும் ரே டிரேசிங்கையும் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடும் வசதி) குறையுங்கள். ஏறவில்லையென்றால் சிபியு: கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் இரண்டையும் குறையுங்கள், ரேம் ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 2

திரை விஏ பேனல் (எல்சிடியில் ஒரு வகை) என்றால் இருண்ட காட்சிகளில் கறுப்பு இழுவை தெரியலாம். அது எஃப்பிஎஸ் குறையல்ல, பிக்சல் மெதுவாக மாறுவது. மெனுவில் ஓவர்டிரைவை (பிக்சல் மாற்றத்தை வேகப்படுத்தும் வசதி) நடு அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் ஓடும் பொருளின் பின்னே வெளிறிய நிழல் கிளம்பும்.