‘தி வீல் ஆஃப் டைம்’ மறுவாசிப்பு: ஏழாம் பாகத்துக்கு மேல் நகரவில்லையே?

கேள்வி:
ராபர்ட் ஜோர்டனின் இந்த மிகுபுனைவு நாவல் தொடரை இரண்டாம் முறை படிக்கிறேன். ஆறு பாகங்கள் ஓடிவிட்டன. ஏழிலிருந்து சேற்றில் நடப்பதுபோல் இருக்கிறது. முதல் முறை கீழே வைக்க மனம் வராத தொடர் இது. சில பாகங்களைத் தாண்டிப் போகலாமா?

பதில் 1:
முதல் வாசிப்பில் நம்மை இழுத்துப் போவது புதிர்கள். வில்லன்களில் ஒருவனான அஸ்மோடியனைக் கொன்றது யார் என்று ஐந்தாம் பாகத்தில் விழும் முடிச்சு, பதின்மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்புச் சொற்பட்டியலில்தான் அவிழ்கிறது. விடை தெரிந்தபின் அந்த இழுவிசை போய்விடும். அப்போதுதான் முக்கியப் பாத்திரங்களில் ஒருத்தியான நைனீவ் சடையைப் பிடித்து இழுப்பது எத்தனை முறை வருகிறது என்பது கண்ணில் படும்.

கட்டமைப்பிலும் குறை உண்டு. எட்டின் முடிவில் (1998) கடத்தப்படும், கதைநாயகன் ரேண்டின் நண்பன் பெரினின் மனைவி, பதினொன்றில்தான் (2005) மீட்கப்படுகிறாள். பத்தாம் பாகம் இன்னும் மோசம். ஒன்பதின் முடிவில் ரேண்ட் செய்யும் பெருஞ்செயல் நடந்த அதே நாளில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்று பின்னோக்கிப் போய்ச் சொல்வதிலேயே பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. முடிவு தெரிந்தவருக்கு அதில் பதற்றம் எங்கிருந்து வரும்?

பதில் 2:
மொத்தமாகத் தாண்டாதீர்கள், பொறுக்கிப் படியுங்கள். அத்தியாயத் தலைப்பில் இருக்கும் சின்னப் படமே வழிகாட்டி: பகடை என்றால் ரேண்டின் இன்னொரு நண்பன் மேட், ஓநாய் என்றால் பெரின். ஏழில் எபூ டார் நகரத்து மேட் பகுதிகள் அருமை, விடவே கூடாது. எட்டில் மேட் கிடையாது. வானிலையை மாற்றும் மந்திரப் பொருளான காற்றுக் கிண்ணத்தைப் பயன்படுத்தும் இடமும், ரேண்ட் கலண்டோர் என்ற மந்திர வாளை எடுத்துத் தன் படையையே அழிக்கும் போரும் போதும். ஒன்பதின் கடைசி அத்தியாயம் கட்டாயம். பத்தில் மேட், இளவரசி டுவான் வரும் இடங்களும், இறுதியில் ரேண்டின் ஊர்க்காரி எக்வீன் பிடிபடும் இடமும். பதினொன்றை ஒரு வரி விடாமல் படியுங்கள். ஜோர்டன் தானே எழுதி முடித்த கடைசிப் பாகம் அது, வேகம் திரும்பிவிடும்.

பதில் 3:
தாண்டுவதை நான் ஏற்கமாட்டேன். கேள்வியை மாற்றிக்கொண்டு படியுங்கள்: ‘அடுத்து என்ன’ வேண்டாம், ‘இதை எங்கே விதைத்தார்’ என்று தேடுங்கள். முதல் பாகத்தில் (1990) பேர்லான் ஊரில், பிறரைச் சுற்றி எதிர்காலக் குறிகளைக் காணும் மின் என்ற பெண் தன் காட்சிகளை ரேண்டிடம் சொல்லும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். மேட்டைச் சுற்றி அவள் காண்பவற்றில் ஒன்று, தராசில் ஒரு கண். பதின்மூன்றில் (2010) கெஞ்சேய் கோபுரத்தில் அவன் என்ன விலை கொடுக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். ஜோர்டன் 2007-இல் இறந்துவிட்டார். அந்த விதையை அறுவடை செய்தவர், மீதிப் பாகங்களை எழுதி முடித்த பிராண்டன் சாண்டர்சன். மின்னின் காட்சிகளை ஒரு தாளில் எழுதி, நிறைவேற நிறைவேற அடித்துக்கொண்டே போங்கள்.