ஆயுதம் ஏந்தும் உரிமையா, தாங்கும் உரிமையா?

வணக்கம்.

அமெரிக்க அரசமைப்பின் 2ஆம் திருத்தத்தில் வரும் 'right to bear arms' என்ற தொடருக்கு நண்பர் தந்த 'ஆயுதமேந்தும் உரிமை' என்ற தமிழாக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒப்பவில்லை. ஒருவன் ஆயுதம் ஏந்தினான் என்றால், போருக்கோ கிளர்ச்சிக்கோ கிளம்பிவிட்டான் என்றுதான் தமிழில் புரிந்துகொள்வோம். அமெரிக்காவில் சர்ச்சையே அந்தத் தொடர் படைப்பணியை மட்டும் குறிக்கிறதா என்பதில்தான்.

1791இல் நிறைவேறிய அந்த ஒற்றை வாக்கியத் திருத்தம் குடிப்படையில் (militia) தொடங்கி மக்களின் உரிமைக்கு வருகிறது. 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று பிரிந்தது. குடிப்படையில் இல்லாதவரும் தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கலாம், அது தனிமனித உரிமை என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா. அந்தத் தொடர் அந்தக் காலத்தில் படைப்பணியையே குறித்தது என்றார் மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸ். இருவருக்கும் சான்று உண்டு. இத்திருத்தத்துக்கு 1789இல் மேடிசன் எழுதிய வரைவில், சமய நம்பிக்கையால் ஆயுதத்தை மறுப்பவரைப் படைப்பணிக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அங்கும் இதே 'bear' என்ற வினைதான். ஆனால் 1776ஆம் ஆண்டுப் பென்சில்வேனியா அரசமைப்போ, 'தங்களையும் மாநிலத்தையும் காக்க' என்று அதே வினையை இரண்டுக்கும் சேர்த்து ஆள்கிறது.

'ஏந்து' என்று போட்டால் நாமே ஸ்டீவன்ஸ் பக்கம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 'எடுத்துச்செல்' என்றால் ஸ்காலியா பக்கம். கலைச்சொல்லுக்கு அந்த வேலை வேண்டாமே.

அப்புறம், ஏந்துவது கையில். 2022இல் வந்த புரூயன் தீர்ப்பு, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோவதற்கான உரிமம் பற்றியது. இடுப்பில் செருகி மறைத்ததை ஏந்தியது என்று எப்படிச் சொல்வது? 'தாங்கு' இங்கே பொருந்துகிறது. தோளில் இருந்தாலும் இடுப்பில் இருந்தாலும் தாங்குவதுதான். 'ஆயுதம் தாங்கிய படை' என்ற வழக்கும் நம்மிடம் இருப்பதால் படைப்பணிப் பொருளும் விட்டுப்போகாது.

எனவே தலைச்சொல்லாக 'ஆயுதம் தாங்கும் உரிமை'. திருத்தத்தின் வாசகத்தில் 'keep and bear' என்று இரண்டு வினைகள் இருப்பதால் அங்கே மட்டும் 'ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் உள்ள உரிமை'. இதில் 'உரிமை' தவறிப்போய் 'உரிமம்' ஆகிவிடக் கூடாது, பொருளே தலைகீழாகிவிடும்.

'militia' என்பதற்குக் 'குடிப்படை' என் பரிந்துரை. 'ஊர்க்காவல் படை' வேறு ஓர் அமைப்பின் பெயர். செய்திகளில் வரும் 'ஆயுதக் குழு'வோ அரசுக்கு வெளியே நிற்பது. 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது முதல் 45க்கு உட்பட்ட, உடல்வலுவுள்ள வெள்ளையின ஆண் குடிமக்கள் சொந்தத் துப்பாக்கியோடு குடிப்படையில் சேர வேண்டியிருந்தது. குடிகளே படை.