கிரெஜி: ‘வெட்டுச்சொல்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய ஹைக்கு கவிஞர் மட்சுவோ பாஷோ பற்றிய பதிவில், பாட்டின் ஓட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தும் சொல்லான ‘கிரெஜி’க்குத் தமிழில் முன்மொழியப்பட்ட ‘வெட்டுச்சொல்’ மூலத்துக்கு நெருக்கமானதுதான். ‘கிரு’ என்ற வினைக்கு வெட்டுதல் என்றே பொருள். ஆனால் அந்தச் சொல் பாட்டில் செய்யும் வேலை வேறு.

1686இல் பாஷோ எழுதிய தவளைப் பாட்டை எடுத்துக்கொள்வோம். ‘ஃபுருஇகே யா’ (‘ஃபுருஇகே’ என்றால் பழங்குளம்) என்ற முதலடியின் ஐந்து ஒலியலகுகளில் கடைசியாக நிற்கும் ‘யா’வுக்குத் தனிப்பொருள் இல்லை, பழங்குளத்தின் கரையில் நம்மைச் சற்றே நிற்கவைத்த பிறகுதான் அது தவளையைக் குதிக்க விடுகிறது. தமிழில் பெயர்க்கும்போது அந்த இடத்தில் ஒரு கோடு (—) இழுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம் (நானும் அப்படிச் செய்தவன்தான்).

இதன் காரணம் வரலாற்றில் இருக்கிறது. பாஷோவின் காலத்தில் (1644–1694) இவ்வடிவம், பலர் கூடித் தொடுக்கும் தொடர்பாட்டின் முதற்பாவாகவே, ‘ஹொக்கு’ என்ற பெயரில் வழங்கியது. அடுத்து வரும் பாவைச் சார்ந்திராமல் முதற்பா தானே நிறைவுற்று நிற்க வேண்டியிருந்ததால் கிரெஜி அதற்கு இன்றியமையாததாயிற்று. அதைத் தனிக்கவிதையாகப் பிரித்து, ‘ஹைக்கு’ என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மசாஓகா ஷிகி. ஆகவே ‘நிறுத்து’ என்பதே பொருத்தமான வேர். ‘வெட்டு’க்குப் பதிலாக ‘அறு’வை வைத்து ‘அறுசொல்’ என்றால் ஆறு சொற்கள் என்று படித்துவிடுவார்கள்.

அடுத்த சிக்கல் ‘சொல்’. பட்ட கிளையில் காக்கை அமர்ந்திருக்கும் பாட்டில் ‘தொமாரிகெரி’ என்று வருகிறதே, அதிலுள்ள ‘கெரி’ வினையோடு ஒட்டி வரும் ஈறு, தனித்து நிற்காது. நம் இலக்கணமோ விகுதியையும் இடைச்சொல்லில் அடக்கிவிடுகிறது. ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்கு ஒழியிசைப் பொருளைத் தொல்காப்பியம் கூறுவதால், சொல்லாமல் விட்டதை இடைச்சொல்லால் உணர்த்துவதும் நமக்குப் புதிதன்று. எனவே என் பரிந்துரை ‘நிறுத்திடைச்சொல்’.

இதற்கு ஒரு தடையைப் பாஷோவே எழுப்புகிறார். கிரெஜியாகப் பயன்படுத்தினால் ஜப்பானிய எழுத்துகள் நாற்பத்தெட்டும் கிரெஜியே என்று அவர் சொன்னதாக மாணவர் கியோராய் பதிந்திருக்கிறார். அப்படியானால் பெயர்ச்சொல்லில் முடியும் அடியும் நிறுத்தத்தைத் தரலாம். அதை இடைச்சொல் என்பது பிழை. ஆகவே மரபுப் பட்டியலிலுள்ள பதினெட்டு கிரெஜிகளுக்கு மட்டும் ‘நிறுத்திடைச்சொல்’ என்றும், ‘கிரெ’ என்ற பொது உத்திக்கு ‘நிறுத்து’ என்றும் இரண்டு சொற்பதிவுகளாகப் பிரிக்கலாம். ‘வெட்டுச்சொல்’ நேர்ப்பொருளாக விளக்கத்துக்குள் இருக்கட்டும்.