ஆள் இல்லாத தீவில் சிலந்திக்கு என்ன ஆபத்து?

முல்லைக்கொடி:
டெசர்ட்டாஸ் ஓநாய்ச் சிலந்தி பற்றி யாருக்காவது தெரியுமா? கால் விரித்தால் 12 செ.மீ., கறுப்பும் சாம்பலும் கலந்த உடம்பு, கால்களில் வெள்ளைப் புள்ளிகள், பார்க்கவே மிரட்டலாக இருக்கிறது. போர்ச்சுகலின் மதெய்ராவுக்குப் பக்கத்தில் டெசர்ட்டா கிராண்டே தீவில், அதுவும் ஒரே ஒரு பள்ளத்தாக்கில்தான் இருக்கிறதாம். அங்கே காவலர்களும் ஆய்வாளர்களும் தவிர யாரும் தங்குவதில்லை. அப்புறம் எப்படி அழிவின் விளிம்புக்கு வந்தது? சும்மா விட்டாலே பிழைத்துக்கொள்ளாதா?

பூச்சிப்பித்தன்:
சும்மா விட்டால்தான் காணாமல் போய்விடும். எதிரி மனிதன் இல்லை, ஃபலாரிஸ் என்கிற புல். இந்தச் சிலந்தி வலை பின்னிக் காத்திருக்கும் ரகமில்லை. கல்லுக்கு அடியிலும் மண் வெடிப்பிலும் பதுங்கியிருந்து வண்டு, மரவட்டை, கிடைத்தால் குட்டிப் பல்லியைக்கூடப் பிடித்துத் தின்னும். புல் அடர்ந்து கல்லை மூடிவிட்டால் பதுங்க இடம் ஏது? 83 ஹெக்டேர் பள்ளத்தாக்கில் 23 ஹெக்டேரில்தான் மிச்சம் என்று 2011, 2012 கணக்கெடுப்பில் தெரிந்தது. வளர்ந்த சிலந்திகள் நாலாயிரத்துச் சொச்சம்.

கடல்காகம்:
முயல் கதையை விட்டுவிட்டீர்களே! மனிதர்கள் கொண்டுவந்து விட்ட முயல்கள் தீவின் செடிகொடிகளை மேய்ந்து தீர்த்தன, அதனால் 1996-இல் மொத்தமாக ஒழித்தார்கள். நல்ல காரியம்தான், ஆனால் முயலோடு சேர்ந்து புல்லுக்கு இருந்த கடிவாளமும் போய்விட்டது. அதற்காக முயலைத் திரும்ப விடலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், தீவின் சொந்தச் செடிகளுக்கு அது எமன்.

முல்லைக்கொடி:
சரி, புல்லைப் பிடுங்கிப் போட்டால் முடிந்ததே?

பூச்சிப்பித்தன்:
பல வழிகளைச் சோதித்துப் பார்த்ததில் களைக்கொல்லிதான் நன்றாக வேலை செய்தது. எனக்கு மருந்தடிப்பது என்றாலே ஒவ்வாது, ஆனால் சிலந்தி எண்ணிக்கை அதனால் குறையவில்லை, பழைய செடிகளும் திரும்ப முளைத்தன, அப்புறம் என்ன சொல்ல. இதற்கிடையில் ஒரு தீ, ஒரு நோய் வந்தால் மொத்தமும் போச்சே என்றுதான் 2016-இல் 25 சிலந்திகளை இங்கிலாந்தின் பிரிஸ்டல் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடமே ஆயிரத்துக்கும் மேல் குஞ்சுகள் பொரிந்தன. தாய் முட்டைப் பையை வயிற்றின் பின்முனையில் ஒட்டிக்கொண்டே திரியும், பொரிந்த குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும்.

கடல்காகம்:
குஞ்சு எத்தனை பொரித்தாலும் புல் போகாத பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டு என்ன பயன், முதலில் அதைச் சுத்தம் செய்யட்டும்.