ஸ்கேலிங் செய்தும் ஈறு மறுபடி வீங்குகிறது: கிருமி செல்லுக்குள் எப்படிப் போகிறது?

கேள்வி – பள்ளத்தூர் பையன்

ஆத்தாவுக்கு 61 வயது. எப்போதும் வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், அதனால் ஈறில் ரத்தம் கசிந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. ஒரு நாள் காலையில் தலையணை உறையில் கறையைப் பார்த்துவிட்டுத்தான் காரைக்குடிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) செய்தார்கள். நன்றாக இருந்தது, ஐந்தே மாதத்தில் திரும்ப வீக்கம். "கிருமி ஈறுச் செல்லுக்குள்ளேயே போய்விடும்" என்கிறார் டாக்டர். பல்லில் ஒட்டுவது சரி. உயிருள்ள செல்லுக்குள் எப்படிப் போகும்? செல் சும்மா விட்டுவிடுமா?

பதில் – தேவகோட்டை ஆச்சி

தம்பி, ஆய்வகத்தில் இந்தக் கிருமியைச் சில வருடம் வளர்த்தவள் நான். பெயர் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். காற்று ஆகாது, ஆக்சிஜன் இல்லாத ஜாடியில்தான் வளரும். ரத்தம் கலந்த அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) முதலில் வெளிறிய புள்ளிகளாக வரும். நாளாக ஆகக் கவுனி அரிசி மாதிரி கறுத்துவிடும். ரத்தத்திலுள்ள ஹீம் என்ற இரும்புள்ள பொருளை எடுத்துத் தன்மேல் சேர்த்து வைத்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. ஜாடியைத் திறந்தால் அழுகல் வாடை. ரத்தம் கசியும் ஈறு அதற்கு ஏன் தோதான இடம் என்று அந்தத் தட்டே சொல்லிவிடும்.

பல்லில் முதலில் குடியேறுவது இது இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வகைகள் முன்னால் வந்து படிகின்றன. ஃபியூசோபாக்டீரியம் என்ற இன்னொரு கிருமி இடையில் நின்று பலரையும் கோத்துப் பிடிக்கிறது. அப்புறம்தான் இது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதன் மேலெல்லாம் மயிரிழை போன்ற நார்கள், ஃபிம்ப்ரியா என்போம். நீளமான நார் ஃபிம்-ஏ என்ற புரதத்தால் ஆனது. நம் செல்லின் மேல் இன்டெக்ரின் என்ற புரதம் இருக்கிறது. சுற்றியுள்ள திசுவைப் பற்றிக்கொள்ளச் செல் வைத்திருக்கும் பிடி அது. கிருமியின் நார் அந்தப் பிடியிலேயே போய்க் கோத்துக்கொள்கிறது. உடனே செல்லுக்குள் சமிக்ஞை ஓடி, செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகள் இடம் மாறி, செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சுமார் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். கதவை உடைப்பதில்லை, வீட்டுக்காரர் கையாலேயே தாழ்ப்பாளைத் திறக்க வைக்கிறது. கிருமி விடும் ஜிஞ்சிபெயின் என்ற நொதிகளும் கூட நின்று புரதங்களை அறுத்துக் கொடுக்கின்றன.

உள்ளே போனது என்று எப்படித் தெரியும்? கிருமியும் ஈறுச் செல்லும் ஒன்றாக இருக்கும் கிண்ணத்தில் ஜென்டமைசின், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளை ஊற்றுவோம். வெளியே இருப்பது செத்துவிடும். பிறகு நன்றாகக் கழுவி, செல்லை உடைத்து, அந்தச் சாற்றைத் தட்டில் பூசுவோம். சில நாளில் புள்ளி முளைக்கும், கறுக்கும். உள்ளே மருந்து எட்டாமல் பிழைத்தவை அவை. முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

உள்ளே போனது செல்லை உடனே கொல்லாது. செல் தானாகச் சாகும் வழியையும் தடுத்துவிட்டு, பக்கத்துச் செல்லுக்கும் பரவும்.

பதில் – கோட்டையூர்

நான் பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். ஆச்சி சொல்வது சரி, ஆனால் வீக்கம் திரும்பியதற்கு அது ஒன்றே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளம் 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். 5, 6 என்று போய்விட்டால் பிரஷ் எட்டாது, படிவு திரும்பத் திரும்பச் சேரும். அங்கே காற்றும் குறைவு, இந்தக் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். சர்க்கரை பார்த்தீர்களா? வெற்றிலையோடு புகையிலையும் உண்டா?

பள்ளத்தூர் பையன்

ஆச்சி, இப்போது புரிகிறது. அட்டையைத் தேடி எடுத்தேன் அண்ணே, கடைவாயில் இரண்டு இடத்தில் 6 என்று எழுதியிருக்கிறது. சர்க்கரை பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகிறேன். புகையிலையும் உண்டு. ஆத்தாவிடம் சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியிலிருந்து அந்த டப்பாவை இப்போதுதான் எடுத்து வைத்தேன்.