கொட்டகைச் சுவருக்குப் பிளாஸ்டிக் கல் வாங்கலாமா?

குழு: சாட்ஸ்வொர்த் – டொங்காட் உறவினர் (டர்பன் பகுதி, தென்னாப்பிரிக்கா)
குழு விதி: தமிழில் மட்டும் எழுதவும்.

தேவன் மாமா, மாலை 6.04
அனைவருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடிக்கு முன்பாக, வீட்டின் பின்புறம் பெரிய அடுப்புகள் வைக்கும் கொட்டகையை இடித்துக் கட்ட வேண்டும் என்று முன்பே பேசியிருந்தோம். இன்று ஒரு வியாபாரி வந்து, பழைய பிளாஸ்டிக்கையும் மணலையும் சேர்த்து உருக்கி அச்சில் வார்த்த கற்கள் தம்மிடம் இருப்பதாகவும், சிமெண்டுக் கல்லைவிட விலை குறைவு, தண்ணீர் இறங்காது, நூறாண்டுக்குக் கவலையில்லை என்றும் சொல்லி, மாதிரிக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். கொட்டகைச் சுவருக்கும், வாசலிலிருந்து கொட்டகை வரையிலான நடைபாதைக்கும் இதையே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

சரஸ் அத்தை, மாலை 6.11
நல்ல யோசனை, அண்ணா. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த பாட்டில்களை நாம் எல்லோரும்தான் பார்த்தோம். அந்தக் குப்பை கல்லாக மாறி ஒரு வீட்டுக்கு உதவுமென்றால் அதை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

ரூபன், மாலை 6.19
மாமா, கருத்துச் சொல்லும் முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கல்லின் ஓரத்தைச் சற்று உடைத்தோ, பிளேடால் கீறியோ பார்த்து, உள்ளே என்ன தெரிகிறது என்று சொல்ல முடியுமா?

தேவன் மாமா, மாலை 6.40
பார்த்தேன். வெளியே கருஞ்சாம்பல் நிறம். சிமெண்டுக் கல்லை விடக் கனம் குறைவு. பிளேடால் கீறினால் தூளாக உதிரவில்லை, மெழுகைப் போலச் சுருண்டு வருகிறது. உடைந்த இடத்தில் மணல் தெரிகிறது, நடுவே சிறு சிறு ஓட்டைகளும் இருக்கின்றன. ஓர் ஓரத்தில் உருகாத நீலத் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டில் மூடியாக இருக்கலாம்.

ரூபன், இரவு 7.02
அப்படியானால் இக்கல்லில் சிமெண்டே இல்லை. மணலைப் பிடித்துவைத்திருப்பது பிளாஸ்டிக் மட்டுமே. எனவே எந்தப் பிளாஸ்டிக் என்பதுதான் முதல் கேள்வி. ரொட்டிப் பை போன்ற மெல்லிய பாலித்தீன் ஏறக்குறைய 110 பாகை செல்சியஸிலும், பால் பாட்டிலின் கெட்டிப் பாலித்தீன் 130 பாகையிலும், பாட்டில் மூடிகளிலும் தயிர் டப்பாக்களிலும் வரும் பாலிபுரோப்பிலீன் 160 பாகையிலும், குளிர்பானப் பாட்டில் 250 பாகைக்கு மேலும் உருகும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டால், ஒன்று உருகும்போது இன்னொன்று கட்டியாகவே நிற்கும். அதையும் உருக்க வேண்டுமென்று சூட்டை ஏற்றினால் முதலாவது சிதைந்து புகையத் தொடங்கும். உங்கள் நீலத் துண்டு அப்படித் தப்பி நின்றதாக இருக்கலாம். நடுவிலுள்ள ஓட்டைகள் பெரும்பாலும் ஈரத்தோடு உருக்கியதால் வருபவை. கழுவிய பிளாஸ்டிக்கை நன்றாக உலர்த்தாமல் போட்டிருப்பார்கள். குழாய்த் துண்டு, மின்கம்பி உறை முதலிய பிவிசி கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும்; அதனால் பாதிக்கப்படுபவர் முதலில் உருக்கும் தொழிலாளிதான்.

பிரேமா அக்கா, இரவு 7.10
ரூபன், நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் நம் ஊருக்கு வெளியே கிளிஃப்டேலில் 2019 ஆகஸ்டில் பிளாஸ்டிக் கலந்து சாலை போட்டார்களே? 400 மீட்டருக்கும் மேலான அந்தச் சாலைக்கு ஏறத்தாழ 40,000 பால் பாட்டில்கள் பயன்பட்டதாகச் செய்தியில் படித்தேன். லாரிகள் ஓடும் சாலைக்கு ஆகும் பொருள் ஒரு கொட்டகைச் சுவருக்கு ஆகாதா?

ரூபன், இரவு 7.31
சாலையில் பிளாஸ்டிக் ஒரு துணைப்பொருள் மட்டுமே, அக்கா. இந்தியாவில் பிளாஸ்டிக் சாலைக்கு முன்னோடியாக இருந்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன். அவர் முறையில், துண்டு துண்டாக வெட்டிய பிளாஸ்டிக்கை ஏறக்குறைய 160 பாகைச் சூட்டிலுள்ள ஜல்லியின் மேல் தூவினால், அது ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அதன் பிறகே தார் ஊற்றுவார்கள். தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் இடையே புகுந்து பிரிப்பதை அந்தப் படலம் தடுக்கிறது, மழைக்காலக் குழிகளும் குறைகின்றன. ஆனால் சேர்க்கும் பிளாஸ்டிக் தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடுதான். பாரத்தைச் சுமப்பது ஜல்லி. கிளிஃப்டேலிலும் தாரின் ஒரு சிறு பகுதிக்குப் பதிலாகத்தான் பால் பாட்டில் பிளாஸ்டிக்கைப் போட்டார்கள், அதுவும் தரம் பிரித்த ஒரே வகை. மாமாவின் கல்லில் பாரம் முழுவதையும் பிடித்துவைத்திருப்பது பிளாஸ்டிக்.

பிரேமா அக்கா, இரவு 7.38
ஐவரி கோஸ்டில் யூனிசெப் அமைப்பு பிளாஸ்டிக் கற்களாலேயே வகுப்பறைகள் கட்டியிருக்கிறதே, அங்கே சுவர்கள் நிற்கவில்லையா?

ரூபன், இரவு 7.55
நிற்கின்றன. கொலம்பிய நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில், ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டும்படி தொழிற்சாலையில் வார்த்த கற்கள் அவை. தீ எளிதில் பற்றாதபடி செய்யப்பட்டவை என்றும் சொல்லியிருக்கிறார்கள். எனவே பிளாஸ்டிக்கால் சுவரே எழுப்ப முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பறையில் யாரும் விறகடுப்பு மூட்டுவதில்லை. நம் கொட்டகையிலோ, இரும்பு முக்காலிகளின் மேல் பெரிய பானைகளை ஏற்றி, காலையிலிருந்து மாலைவரை சுவரின் அருகிலேயே நெருப்பு எரியும். பாலித்தீன் தீப்பிடிக்கும் முன்பே இளகிவிடும்; கீழ்வரிசைக் கல் இளகினால் மேலே கூரையைத் தாங்கும் வரிசைகள் சாயும். தீப்பிடித்துவிட்டாலோ எரிந்துகொண்டே சொட்டும், உள்ளே சமைப்பவர்களுக்குப் புகையில் வழியே தெரியாது. நெருப்பே இல்லாவிட்டாலும், தொடர்ந்து பாரம் ஏற்றினால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல வளையும் இயல்புடையது, வெயில் ஏற ஏற அது கூடும்.

சரஸ் அத்தை, இரவு 8.03
நெருப்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று சாம்பார் கிண்டப்போவது நானும் பிரேமாவும்தான், உங்களில் யாரும் இல்லை. ஆகவே சுவர் சிமெண்டுக் கல்லில்தான் வர வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், அண்ணா.

தேவன் மாமா, இரவு 8.15
சரி, சரஸ். ரூபன், சிமெண்டும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கல் ஏதும் இல்லையா? விலை மட்டுமே காரணமல்ல. குப்பை குறைந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான்.

ரூபன், இரவு 8.34
இருக்கிறது, மாமா. கேப் டவுனில் ரெசின்8 என்ற பெயரில், பலவகைக் கழிவுப் பிளாஸ்டிக்கைக் கனிமப் பொருள்களோடு கலந்து, ஜல்லி போன்ற சிறு துகள்களாக்கி, கான்கிரீட்டில் மணலுக்கும் ஜல்லிக்கும் ஒரு பங்கு பதிலாகச் சேர்க்கிறார்கள். வெறும் பிளாஸ்டிக்கின் வழவழப்பான மேற்பரப்பில் சிமெண்டு ஒட்டாது. கனிமம் கலப்பது அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான். இவ்வகைக் கல்லில் பிடிமானம் சிமெண்டுடையது என்பதால் எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம். ஆனால் பிளாஸ்டிக்கின் பங்கு கூடக் கூட கான்கிரீட்டின் வலிமை குறையும், ஆகவே அளவு முக்கியம். எந்தப் புதுவகைக் கல்லாக இருந்தாலும், விற்பவரிடம் அக்ரிமோ சவுத் ஆப்பிரிக்காவின் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். வழக்கமான தர விதிகளுக்குள் வராத கட்டுமானப் பொருள்களைச் சோதித்துச் சான்றளிப்பது அந்த நிறுவனம்தான். சுவருக்கான திட்டத்தை மாநகராட்சியில் கொடுக்கும்போதும் அது உதவும்.

பிரேமா அக்கா, இரவு 8.41
நடைபாதைக்கு?

ரூபன், இரவு 8.52
நடைபாதைக்கு எனக்கு மறுப்பில்லை, அக்கா. கல் தரையோடு தரையாகப் படுத்திருக்கும், நாம் நடக்கும் பாரம் அதற்குப் பெரிதல்ல, உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம். வெயிலில் மேற்பரப்பு நொறுங்கி, தேய்ந்த துகள்கள் மழைநீரோடு வடிகாலுக்குப் போகும் என்பதை மட்டும் மறுக்க முடியாது. ஆகவே மாமரத்து நிழல் விழும் பகுதியில் போடுவது நல்லது. வண்டி ஏறித் திரும்பும் இடத்தில் வேண்டாம்.

தேவன் மாமா, இரவு 9.06
அப்படியே செய்வோம். சுவருக்குச் சிமெண்டுக் கல். நடைபாதைக்கு, பிவிசி கலக்கவில்லை என்று வியாபாரி எழுத்தில் கொடுத்தால் மட்டும் இந்தக் கல். கொடுக்க மறுத்தால் அதற்கும் சிமெண்டுதான். மாதிரிக் கல்லை நாமே சோதித்துப் பார்க்க ஏதேனும் வழியுண்டா?

ரூபன், இரவு 9.12
எளிய வழி ஒன்று உண்டு, மாமா. வெயில் நன்றாக விழும் இடத்தில் இரண்டு செங்கற்களை இடைவெளி விட்டு வைத்து, அவற்றின் மேல் அந்தக் கல்லைப் பாலம்போலக் கிடத்தி, நடுவில் ஒரு மணல் மூட்டையை ஏற்றி விட்டுவிடுங்கள். சனிக்கிழமை நான் வரும்போது மூட்டையை எடுத்துவிட்டு, கல்லின் அடியில் நேரான பலகையைப் பிடித்து, எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்ப்போம். வியாபாரியையும் அந்த நேரத்துக்கே வரச் சொல்லுங்கள்.