வாமி பார் அழுத்தினால் ஜி ஸ்ட்ரிங் ஏறிவிடுகிறது: பிரிட்ஜை மாற்றவா, ஃப்ளாய்ட் ரோஸ் வாங்கவா?

மதுரை_லீட்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஏழு வருடமாக மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவ கிட்டார், ஆறு ஆணியில் நிற்கும் பழைய பாணி ட்ரெமோலோ பிரிட்ஜ் (உடல் பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கி, பாரை அழுத்தினால் சாயும் பாகம்). இடையிசையில் பாரை அழுத்தி சுரத்தை இறக்கி ஏற்றுவது எனக்கு உயிர். மூன்று வாரமாக அதைத் தொடவே பயமாக இருக்கிறது. பாரை விட்டதும் ஜி ஸ்ட்ரிங் சுருதி ஏறி நிற்கிறது. டி-யும் கொஞ்சம் ஏறுகிறது, மற்றவை பரவாயில்லை. போன வாரம் கோயில் திருவிழா மேடையில் கீபோர்டு அண்ணன் பாட்டின் நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் மனசு ஆறவில்லை.

கனமான சத்தம் வேண்டும் என்று சமீபத்தில்தான் 9-42 செட்டை விட்டு, அதைவிடத் தடித்த 10-46க்கு மாறினேன் (எண்கள் ஸ்ட்ரிங்கின் தடிமன்). பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. பின்னால் ஸ்ப்ரிங் பிடித்திருக்கும் ஆணிகளை முடுக்கிச் சரிசெய்துவிட்டேன்.

இப்போது இரண்டு யோசனை. ஒன்று, ஆறு ஆணிக்குப் பதில் இரண்டு தூணில் ஆடும் பிரிட்ஜ் போடுவது. இன்னொன்று, ஃப்ளாய்ட் ரோஸ் (ஸ்ட்ரிங்கை இரு முனையிலும் கவ்விப் பூட்டும் ட்ரெமோலோ) உள்ள கிட்டாரே வாங்கிவிடுவது. அதில் சுருதி அசையாது, ஆனால் டோன் மெலிந்துவிடும் என்கிறார்கள். எது சரி?

கோவை_பட்டறை:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பிரிட்ஜ்தான் குற்றவாளி என்றால் ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து ஒரே பக்கம் விலகியிருக்கும். உங்களுக்கு ஜி-யும் டி-யும் மட்டும், அதுவும் பாரை அழுத்தி விட்டபின் ஏறி நிற்கிறது. அது நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) ஸ்ட்ரிங் சிக்குவதன் அடையாளம்.

பாரை அழுத்தும்போது ஸ்ட்ரிங் தளர்ந்து, நட்டுக்கு அந்தப் பக்கம் ட்யூனிங் கீயை நோக்கி இழையளவு நகர்கிறது. பாரை விட்டதும் அது திரும்பி வரவேண்டும். பள்ளம் இறுக்கமாக இருந்தால் வராது, சுருதி ஏறி நிற்கும். பாரை மேலே இழுத்தாலோ ஸ்ட்ரிங்கை விரலால் இழுத்து பெண்ட் செய்தாலோ இதற்கு நேர்மாறு, இறங்கி நிற்கும். பழைய செட்டில் ஜி 16, இப்போது 17. டி 24லிருந்து 26 ஆகிவிட்டது. 9 செட்டுக்கு வெட்டிய பள்ளத்தில் இதைத் திணித்திருக்கிறீர்கள். ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வருகிறதா, சுருதி குதித்துக் குதித்து ஏறுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்ப்ரிங்கை முடுக்கியது சரி. 9 செட்டின் மொத்த இழுவை சுமார் 38 கிலோ, 10 செட்டுக்கு சுமார் 46 கிலோ. கூடின அந்த எட்டு கிலோவை ஸ்ப்ரிங்தான் தாங்கவேண்டும். பிரிட்ஜின் பின்பக்கம் உடலிலிருந்து 3 மிமீ போல உயர்ந்து நின்றால் போதும்.

ஆறு ஆணியை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். 1954ல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தபோது இருந்தது இதுதான். ஃபெண்டர் தங்கள் அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் இரண்டு தூணுக்கு மாறியது எண்பதுகளின் பிற்பாதியில்தான். இரண்டு தூணில் உராயும் இடம் குறைவு, அது உண்மையான லாபம். ஆனால் ஆறு ஆணியிலும் நடு நான்கைச் சற்றுத் தளர்த்தி, ஓர ஆணி இரண்டில் மட்டும் பிரிட்ஜ் ஆடும்படி வைத்தால் அந்த லாபத்தில் பெரும்பகுதி செலவில்லாமல் கிடைக்கும்.

டோன் விஷயத்தில் பிரிட்ஜ் மாதிரியை விட அடியில் தொங்கும் பிளாக்கைத்தான் (ஸ்ப்ரிங் மாட்டும் உலோகக் கட்டி) நான் பார்ப்பேன். ஆரம்பத்தில் ஃபெண்டர் போட்டது எஃகு பிளாக், எழுபதுகளில் வார்ப்பு உலோகத்துக்கு மாறினார்கள். என் கிட்டாரில் வார்ப்பை எடுத்துவிட்டு எஃகு போட்டேன். ஆம்ப் இல்லாமல் வாசித்தால் அடி ஸ்ட்ரிங்குகளின் தொடக்கம் தெளிவாகியிருந்தது. ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டபின் எந்த வித்தியாசமும் என் காதுக்கு எட்டவில்லை.

சென்னை_மெட்டல்:

அண்ணன் நட்டைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பதினோரு வருடமாக ஃப்ளாய்டில் வாசிப்பவன் என்ற முறையில் அதன் பக்கமும் சொல்லவேண்டும். ஃப்ளாய்ட் ரோஸ் என்பவர் 1979ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நட்டிலும் சாடிலிலும் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் துண்டு) ஸ்ட்ரிங்கைக் கவ்விப் பிடித்துவிடுவதால் நட்டில் சிக்குவது என்ற பேச்சே இல்லை. ஸ்ட்ரிங் தொங்கிப்போகும் வரை அழுத்தி விட்டாலும் அதே சுருதியில் வந்து நிற்கும். முதல் முறை அதைக் கேட்டபோது கிடைத்த சந்தோஷம் எனக்கு இன்றும் குறையவில்லை.

டோன் மெலியும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, அடிப்பகுதி சற்று இறுக்கமாகக் கேட்கும். டிஸ்டார்ஷனுக்கு எனக்கு அதுதான் வேண்டும்.

மெல்லிசை மேடைக்கு மட்டும் யோசித்து வாங்குங்கள். மிதக்கும் (உடலில் படியாமல் நிற்கும்) ஃப்ளாய்டில் ஒரு ஸ்ட்ரிங் அறுந்தால் ஸ்ப்ரிங் பின்னால் இழுத்து மற்ற ஐந்தும் ஏறிவிடும், அந்தப் பாட்டு அங்கேயே முடிந்தது. புது ஸ்ட்ரிங் போட அதன் குண்டு முனையை வெட்டி, 3 மிமீ ஆலன் கீயால் கவ்வி, எல்லாவற்றையும் மறுபடி சமன் செய்யவேண்டும். எனக்கே இருபது நிமிடம் ஆகும். இன்னொரு கிட்டார் கூட இருந்தால் பயமில்லை.

கோவை_பட்டறை:

இன்னொன்று கேட்க மறந்தேன் தம்பி. ஒரு ஸ்ட்ரிங்கை விரல் வைக்காமல் திறந்து சுருதிபோல ஒலிக்கவிட்டு, பக்கத்து ஸ்ட்ரிங்கை இழுத்து கமகம் வாசிக்கும் பழக்கம் உண்டா?

மதுரை_லீட்:

உண்டு அண்ணே, பக்திப் பாடல்களில் நிறைய. டி திறந்திருக்கும், ஜி-யில் இழுப்பேன்.

கோவை_பட்டறை:

அப்படியென்றால் எந்த மிதக்கும் பிரிட்ஜும் உங்களுக்குத் தொல்லை. ஜி-யை இழுத்தால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து டி இறங்கும், உங்கள் சுருதியே கலங்கும். பாரை மேலே இழுக்கும் பழக்கம் இல்லையென்றால் ஸ்ப்ரிங்கை இன்னும் முடுக்கி, பிரிட்ஜை உடலில் படிய வைத்துவிடுங்கள். அழுத்த மட்டும் முடியும், ஆனால் டி அசையாது. படிந்தபின் ஸ்ட்ரிங் உயரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மரத்துண்டு வைத்துப் பிரிட்ஜை அசையாமலே அடைத்துவிட்டவர். உங்களுக்கு அந்த அளவுக்குத் தேவையில்லை.

நட்டுக்கு முதலில் பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவிப் பாருங்கள். போதவில்லை என்றால் பழைய ஸ்ட்ரிங் மேல் 600 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, பள்ளத்தின் பக்கவாட்டை மட்டும் மெதுவாகத் தேயுங்கள். அடியைத் தொட்டால் ஸ்ட்ரிங் ஃபிரெட்டில் உரச ஆரம்பிக்கும், புது நட்டுதான் போடவேண்டும்.

மதுரை_லீட்:

அண்ணே, நீங்கள் சொன்ன 'டிங்' சத்தம் ஜி-யில் அப்படியே வந்தது. பென்சிலில் பாதி சரியானது. நேற்று இரவு உப்புத்தாளால் ஜி, டி இரண்டையும் தேய்த்தேன். பிரிட்ஜையும் படிய வைத்தேன். பாரை முழுக்க அழுத்தி இருபது தடவை விட்டுப் பார்த்தேன், ட்யூனரில் முள் கிட்டத்தட்ட நடுவிலேயே நின்றது. டி-யைத் திறந்துவிட்டு ஜி-யை இழுத்தபோது சுருதி அசையவில்லை.

ஒரு சந்தேகம். எஃகு பிளாக் வாங்க ஆசையாக இருக்கிறது. எந்த பிளாக்கும் பொருந்துமா?

கோவை_பட்டறை:

பொருந்தாது. முதல் ஆணிக்கும் ஆறாவது ஆணிக்கும் நடுவே அளந்து பாருங்கள், 56 மிமீ ஒரு வகை, 52.5 மிமீ இன்னொரு வகை. பிளாக்கின் ஆழத்தையும் அளக்கவேண்டும். உடல் மெலிந்த கிட்டாரில் நீள பிளாக் போட்டால் பின்பக்கம் வெளியே துருத்தும். அளவுகளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.